பெரியப்பா பார்த்து முடித்த உபகாரச் சம்பளம்

என்னோடு ஆறாவது பாரம், அதுதான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, படித்தவர்களில், கண்ணாடி போட்டாவது இன்னும் எழுத்தைப் படிக்க முடிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே, "நீதான் கல்யாணமாகிப் போயிட்ட, இல்லாட்டி நீயும் எங்களோட காலேஜுக்கு வந்திருப்ப" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கும். ஐம்பது வருஷமாக நீங்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள். நானும் சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். இனிமேல் விட முடியாது. கல்யாணத்தால் என் படிப்பு போகவில்லை. படிப்பு போன பிறகுதான் கல்யாணம் வந்தது. எப்படிப் போனது என்று சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் பேச்சு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொறுக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கார்டு காட்டி வரிசையில் நின்ற காலம். செல்லூரில் அப்பாவுக்குப் பருத்திக்கொட்டைக் கடை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் உண்டு. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையும் ஒரு சார்ப்பும்தான் வீடு. இரண்டு பக்கமும் தறி. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் அந்தச் சத்தம் நிற்காது. என் புத்தகம், தாவணி, தலைமுடி எல்லாவற்றிலும் புண்ணாக்கு வாசனை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா? நன்றாகப் பார்த்தேன். யார் யார் என்றும் ஞாபகம் இருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் எழுமலை. அங்கே கரிசலில் பருத்தி போட்டிருந்த நிலம் முழுவதும் அப்பாவுடைய அண்ணன் கையில் இருந்தது. பெரியப்பா சொல்லாமல் அப்பா ஒரு சாக்கைக்கூடத் தைக்க மாட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் பெரியப்பா சொல்லித்தான். அவருக்குப் படிப்பின் மேல் ஆசை என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய எதிராளி வீட்டுப் பெண் ஏழாவது வரைக்கும் படித்திருந்தாள், அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு நாள் கணக்கு டீச்சர் என்னையும் திருவாதவூர்க்காரியையும் சாப்பாட்டு வேளையில் நிறுத்திவைத்தார். திருவாதவூர்க்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நாம்தான். அவள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளிக்கூட ஹாஸ்டலில் சர்க்கார் உதவியில் படித்தாள். கணக்கில் அவளை யாரும் தொட முடியாது. டீச்சர் ஒரு பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் காப்பியிங் பென்சிலால் கட்டம் போட்டார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் அவர் உதடெல்லாம் ஊதா நிறம்.

முதல் கட்டத்தில், வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் தலைவியாக இருந்த பெண்கள் கல்லூரியின் உபகாரச் சம்பளம், அதாவது ஸ்காலர்ஷிப். ஒரு நாள் பரீட்சை. இங்கிலீஷும் கணக்கும். முதலாவதாக வருகிறவள் இரண்டு வருஷம் படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் இலவசம். அடுத்த கட்டத்தில், ஒரு பஞ்சாலை முதலாளியின் தர்மம். அதிலும் கிட்டத்தட்ட அதே வசதிதான். அவர்கள் தனியாகப் பரீட்சை வைப்பதில்லை, கல்லூரிப் பரீட்சையின் வரிசையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மூன்றாவது, எங்கள் ஆட்கள் வைத்திருந்த சங்கத்தின் உதவி. அது எனக்கு மட்டும்.

"எதையும் விடாத" என்றார் டீச்சர் என்னிடம். "மூணுக்கும் எழுதிப் போடு. ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இருக்கும். உனக்குக் கணக்குல தைரியம் பத்தாது. இருந்தாலும் எழுது."

அவர் யாரையும் புகழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. திருவாதவூர்க்காரியிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லத் தேவையில்லை என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கே எனக்கு அவள் மேல் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

பள்ளிக்கூடப் பரீட்சைகள் எல்லாம் முடிந்து, நான் எழுதிப் போட்டிருந்த கல்லூரிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டும் வந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு எழுமலைக்குச் சொல்லி அனுப்பினார். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் பெரியப்பா வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் கரி வாசனை. கூட இரண்டு பங்காளிகள் வேறு. பெண் பார்க்கப் போகிறபோது கூட்டிப் போவாரே, அதே இரண்டு பேர். மூன்று பேரும் பருத்திக்கொட்டை மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். டீச்சர் எழுதிய காகிதத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள்.

வாசித்து முடித்ததும் பெரியப்பா கேட்டார்: "சரி பாப்பா, இதுல யாரு நம்ம வீட்டுக்குப் பேச வாராக?"

"யாரும் வரமாட்டாக பெரியப்பா. நம்மதான் எழுதிப் போடணும்."

"அதெப்பிடி? குடுக்கிறவன் யாரு, என்ன குணம், வீடு வாசல் எப்பிடின்னு பாக்காம ஒரு புள்ளையக் கொண்டுபோயி விட முடியுமா?"

பங்காளிகள் தலையை ஆட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார்.

சங்கத்து உதவியைப் பற்றிக் கேட்டேன். "அது ஆம்பளப் பயலுகளுக்குத்தான்" என்றார் பெரியப்பா. "பொம்பளப் புள்ளைகளுக்குக் கிடையாதுன்னு போன வருசந்தான் கை தூக்கி முடிவு பண்ணுனோம்."

"நீங்களும் தூக்குனீகளா?"

"எல்லாரும் தூக்குனாக. நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அவர் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. இப்படியாக ஒரு கட்டம் போயிற்று. மிச்சம் இரண்டு.

மறுநாள் குதிரை வண்டி பிடித்து அந்த இரண்டு இடத்தையும் 'பார்க்க'ப் போனோம். பெரியப்பா, அப்பா, பங்காளிகள், நான். வண்டியில் எனக்கு உட்கார இடமில்லாமல் அப்பாவின் முழங்காலில் பாதி உட்கார்ந்து போனேன். பதினாறு வயசுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கேவலம் என்று அந்த நான்கு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்லூரியில் துரைசானி அம்மாள் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். நல்ல தமிழில் பேசினார். பரீட்சை என்றைக்கு, எத்தனை மணிக்கு, பேனா கொண்டுவர வேண்டும், முதலாவதாக வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் இல்லை. கால் மணி நேரத்தில் முடித்துக் கைகூப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. யாருடைய பிள்ளை என்று அவர் கேட்கவே இல்லை. வாசலுக்கு வந்ததும் பெரியப்பா துண்டை உதறினார்.

"ஒரு வாய்த் தண்ணி குடுத்தாளா பாத்தியா தம்பி? வெயில்ல வந்த மனுசங்கன்னு ஒரு இது வேணாம்? இங்க எப்பிடிப் புள்ளைய விடுறது?"

பஞ்சாலை முதலாளி பங்களாவில் கதை வேறு. வெள்ளி டம்ளரில் மோர் வந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். அந்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது, அதை நினைத்தாலே எரிச்சலாகவும் இருக்கிறது. முதலாளி சாய்வு நாற்காலியில் இருந்தபடியே எழுமலைப் பக்கம் பருத்தி எப்படி, மழை எப்படி என்று அரை மணி நேரம் பேசினார். என்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான்.

"பாப்பா எத்தனாவது படிக்குது? நல்லாப் படிக்கட்டும், பாப்போம்."

கிளம்பும்போது வேலைக்காரர் ஒரு தட்டை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், இரண்டு பழம், குங்குமம். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். தேங்காயை அப்பா கையில் கொடுத்தார். குங்குமத்தை என் நெற்றியில் வைத்தார். வண்டியில் ஏறியதும், "முடிஞ்சிருச்சு" என்றார்.

என்ன முடிந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தேங்காயைக் கொடுத்து உடைக்கச் சொன்னபோதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டார் பேசி, தட்டு கை மாறிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் இன்னொரு வீட்டு வாசலை மிதிப்பது அசிங்கம். ராஜா வீட்டுச் சம்பந்தமே வந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரியப்பாவுக்கு உபகாரச் சம்பளமும் அப்படித்தான். அவர் பார்த்தார், பேசினார், தட்டு வாங்கினார். இனி நான் கல்லூரிப் பரீட்சையில் போய் உட்கார்ந்தால் முதலாளிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். காகிதத்தை எடுத்துவந்து டீச்சர் எழுதியிருந்ததைக் காட்டினேன். மில்லுக்காரர் அந்தப் பரீட்சையின் வரிசையைப் பார்த்துத்தான் கொடுப்பார், பரீட்சை எழுதாவிட்டால் இரண்டுமே இல்லை என்று சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். பெரியப்பா சிரித்தார்.

"அது ஊருக்காகப் போட்ட ரூல்ஸு பாப்பா. தட்டக் குடுத்த பெறகு ரூல்ஸு ஏது?"

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வழக்கத்தில், ஒத்துவராத இடத்து ஜாதகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் என் ஹால் டிக்கெட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். வெறும் கையோடு போகக் கூடாதாம். அப்பா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரி ஆபீஸ் குமாஸ்தா ஹால் டிக்கெட்டையும் வாழைப்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரீட்சை எழுதலையா? எழுதலைன்னா வராம இருந்தாப் போதுமே. இதை ஏன் கொண்டுவந்தீங்க?"

"அப்பிடிச் சொல்லாம இருந்துறது மரியாதையில்லீங்க" என்றார் அப்பா.

குமாஸ்தா என் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். நான் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பா நல்லவர்தான். ஆனால் அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பரீட்சை நடந்த அன்று நான் சார்ப்பில் உட்கார்ந்து தவிடு சலித்துக்கொண்டிருந்தேன். அம்மா எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சலித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அவளையும் நான் மன்னிக்கவில்லை.

ஆனி பிறந்தது. முதலாளியிடமிருந்து ஆள் வரவில்லை. பெரியப்பா இன்னொரு தடவை வந்தார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு மில் ஆபீசுக்குப் போனார். அங்கே நடந்ததை அப்பா பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். மில் குமாஸ்தா நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்க பொண்ணு அந்தக் காலேஜ் பரீட்சையில எத்தனாவது?" என்று கேட்டிருக்கிறார். எழுதவில்லை என்றதும் நோட்டை மூடிவிட்டார். பெரியப்பா தட்டு வாங்கிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். குமாஸ்தாவுக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை.

"தட்டா? வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும்தான் ஐயா அது. நேத்துக் கெணறு தோண்ட வந்த ஆளுக்கும் குடுத்து அனுப்பிச்சோம்."

இதற்குப் பிறகாவது தன் மேல் தப்பு என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலாளி வாக்குத் தவறிவிட்டார் என்று எழுமலை முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த மில்லுக்கு எங்கள் வகையறாவில் ஒருத்தரும் பருத்தி போடக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. மூன்று நான்கு வருஷம் விலை குறைவாக வேறு இடத்தில் போட்டார்கள். எங்கள் பருத்தி வரவில்லை என்பது அந்த மில்லில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஊரில் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால் பதில் வேண்டுமே? அதற்காக ஆவணியில் பெரியம்மாவின் தம்பி மகனுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். 'கல்யாணம் கூடிவந்ததால் படிப்பை நிறுத்தினோம்' என்று பத்திரிகை கொடுக்கப் போன இடத்திலெல்லாம் சொன்னார்கள். நீங்கள் நம்பிக்கொண்டிருந்த கதை அங்கே செய்ததுதான்.

கணக்கு டீச்சர் ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். தவிடு வாங்க வரவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். நம் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பரீட்சைக்குப் போனது இரண்டே பேர். வெளியூரிலிருந்து வர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. திருவாதவூர்க்காரி முதலாவதாக வந்து கல்லூரி இடத்தை வாங்கிக்கொண்டாள். ஒருத்திக்கு இரண்டு உதவி கிடையாது என்பதால், இரண்டாவதாக வந்தவளுக்கு மில் தர்மம். அந்த இரண்டாவது ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். பந்தியில் பாயசம் வழித்தாளே, அவள்தான். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கை டீச்சர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுந்து போயி பேரை எழுதி வச்சிட்டு வந்திருந்தாக்கூட உங்க பொண்ணுக்குக் கிடைச்சிருக்கும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே டீச்சர் போய்விட்டார்.

இதுவரைக்கும் சொன்னதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். நானும் அதைத்தான் இத்தனை வருஷம் செய்தேன். அவர் செத்தபோது எழுமலைக்குப் போய், அழாமல் திரும்பி வந்தேன். ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை விட்டுவிட்டு இதை முடித்தால் நான் அவரைவிட மோசம்.

ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள். உச்சி வெயில். பெரியப்பா ஊரில் இருந்தார். அப்பா கடையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார், நான் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு எதிரே தெருவில் திருவாதவூர்க்காரி நின்றாள். லீவுக்கு ஹாஸ்டலை மூடியிருந்ததால், அவள் ஊரிலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் நடந்து, அங்கே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். முழங்கால் வரைக்கும் புழுதி. படி ஏறவில்லை. ஏறக் கூடாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பா செம்பை உயர்த்தித் தண்ணீர் ஊற்றினார். அவள் இரண்டு கையையும் குவித்துக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீ சீட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்னு டீச்சர் சொன்னாக. நான் காலேஜு ஆபீசுல போயிக் கேட்டேன். பென்சில் கோடுதான் போட்டிருக்காகளாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நீ வந்து கையெழுத்துப் போட்டா அழிச்சுட்டுச் சீட்டத் திருப்பித் தருவாக."

நான் அடுத்த ஊசிக்கு நூல் கோத்தேன்.

"ஒருத்திக்கு ரெண்டு தரமாட்டாக. நான் முன்னாடி வந்தா மில்லு உனக்கு. நீ முன்னாடி வந்தா மில்லு எனக்கு. எப்பிடி விழுந்தாலும் நம்ம ரெண்டு பேரும் போயிரலாம். நீ வந்து உக்காந்தாப் போதும்."

எவ்வளவு சுலபமான கணக்கு. டீச்சர் காகிதத்தை எத்தனை தடவை வாசித்தும் எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அவள் சொன்ன அந்த நிமிஷமே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. சரி என்று தெரிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் நின்று, எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவள், எனக்கு வழி சொல்கிறாள்.

"எங்களுக்கு வீட்டுக்கே கூப்பிட்டு மரியாதை பண்ணியிருக்காக" என்றேன். "நீ உன் பரீட்சையப் பாரு."

"சரி. மத்தியானம் வரைக்கும் நேரமிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அப்பா தைப்பதை நிறுத்தியிருந்தார். கோணி ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு எழுந்தார். "அந்தப் புள்ள சொல்றது சரியாத்தான இருக்கு ஆத்தா. வா, இப்பவே போயி வாங்கிட்டு வந்துருவோம். அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார்.

"அவ சொல்லி நான் போகணுமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சட்டையிலிருந்து கையை உருவிக்கொண்டு, அதைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.